இயன் மெக்காய் எதை முக்கியம் என்று நினைக்கிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாஷிங்டன் நகரத்துப் பங்க் பாடகர் இயன் மெக்காயைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஏறக்குறைய இதே ஐயங்கள்தான் வருகின்றன. அவருடைய பாட்டைக் கேட்டவர்களும் கேட்கிறார்கள், ஒரு பாட்டுகூடக் கேட்காதவர்களும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று இதைத் தொகுத்தேன். எளிய கேள்விகள் முதலில், சங்கடமானவை பின்னால்.

யார் இந்த இயன் மெக்காய்? பெயரே கேள்விப்பட்டதில்லையே.

1962இல் வாஷிங்டனில் பிறந்தவர். அப்பா பத்திரிகையாளர். பள்ளிக்கூடத்து நண்பர்களோடு சேர்ந்து டீன் ஐடில்ஸ் என்ற குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தார். அது 1980இல் கலைந்ததும் மைனர் த்ரெட் குழுவின் பாடகரானார். மூன்றே ஆண்டுகள் இருந்த அந்தக் குழுதான் ஹார்ட்கோர் பங்க் என்ற வேகமான, ஆவேசமான வகைக்கு இன்றுவரை அடையாளம். பிறகு எம்ப்ரேஸ். 1987 முதல் 2002 வரை ஃபுகாசி. அதன்பின் ஏமி ஃபரீனாவோடு சேர்ந்து ஈவன்ஸ், பிறகு கொரிக்கி.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஓடும் நீரோட்டம் டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ். டீன் ஐடில்ஸின் டிரம்மர் ஜெஃப் நெல்சனோடு சேர்ந்து 1980இல் அவர் தொடங்கிய சிறு இசை நிறுவனம் அது. இன்றும் இருக்கிறது. அவருடைய எண்ணங்களைத் தெரிந்துகொள்ளப் பாட்டு வரிகளைவிட அந்த நிறுவனம் நடந்துவரும் விதமே நல்ல வழி என்பது என் கருத்து. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் டிக்கெட், விலை, வாசல், கணக்கு என்று போவதற்கு அதுதான் காரணம்.

பங்க் என்றால் காட்டுக்கத்தலும் கிழிந்த உடையும்தானே? அதில் வாழ்க்கைப் பார்வை எங்கிருந்து வருகிறது?

1979 பிப்ரவரியில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக அரங்கில் கிராம்ப்ஸ் குழுவின் கச்சேரி நடந்தது. பல்கலைக்கழகம் இழுத்து மூடிய டபிள்யூஜிடிபி என்ற வானொலி நிலையத்துக்காக நடந்த நிதிக் கச்சேரி அது. பதினாறு வயது மெக்காய் பார்த்த முதல் பங்க் கச்சேரியும் அதுதான். அதுவரை அவர் அறிந்த ராக் இசை பெரிய அரங்குகளில், எட்டாத உயரத்து மேடைகளில் நடந்தது. இங்கே பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் எதுவும் இல்லை. ஊரில் எங்கும் பொருந்தாத மனிதர்கள் எல்லோரும் ஒரே அறையில் இருந்தார்கள். நாமும் செய்யலாம் என்ற எண்ணம் அங்கே பிறந்ததாக அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இலாபக் கணக்கின் சல்லடையில் சலிக்கப்படாமல் புதிய எண்ணங்கள் வெளியே வரக்கூடிய ஓர் இடம்: பங்க் என்பதற்கு அவர் தரும் விளக்கம் ஏறக்குறைய இதுதான். புதிய எண்ணத்துக்குத் தொடக்கத்தில் கூட்டம் இருக்காது. கூட்டம் இல்லாததை வியாபாரி மேடையேற்ற மாட்டான். ஆகவே அந்த எண்ணத்துக்கு வேறொரு இடம் வேண்டும். உடையும் சத்தமும் அந்த இடத்துக்குள் வந்து சேர்ந்தவை. அவர் பெரும்பாலும் மொட்டைத் தலையும் சாதாரணச் சட்டையுமாகத்தான் மேடையில் நிற்பார்.

மது, புகை, போதை வேண்டாம் என்கிற ஸ்ட்ரெயிட் எட்ஜ் இயக்கத்தைத் தொடங்கியவர் அவர்தானா?

அந்தப் பெயர் அவருடைய பாட்டிலிருந்து வந்தது. 1981இல் மைனர் த்ரெட் வெளியிட்ட அந்தப் பாட்டின் நீளம் 46 விநாடி. தன்னோடு படித்தவர்கள் பதின்ம வயதிலேயே போதையில் மூழ்குவதைப் பார்த்த ஓர் இளைஞன், எனக்கு இதைவிட நல்ல வேலைகள் இருக்கின்றன என்று சொல்கிற பாட்டு. குடிக்காதவனைக் கேலி செய்கிற கூட்டத்தில் நின்றுகொண்டு சொன்ன பதில்.

அவர் இயக்கம் எதையும் தொடங்கவில்லை. விதிகள் எழுதவில்லை, உறுப்பினர் சேர்க்கவில்லை. ஆனால் பாட்டைக் கேட்ட பிள்ளைகள் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் பிறகு உலகம் முழுவதும் அதை ஓர் இயக்கமாக்கிக்கொண்டார்கள். தனிமனிதனாக எப்படி வாழலாம் என்று எழுதிய பாட்டு இது என்று அவர் விளக்கிச் சொல்லிச் சொல்லி நாற்பது ஆண்டுக்கு மேலாகிறது. அவர் இன்றும் குடிப்பதில்லை.

கையில் எக்ஸ் குறி போட்டுக்கொள்கிறார்களே, அது எதற்கு?

வாசல் பிரச்சினையில் பிறந்த குறி அது. 1980இல் டீன் ஐடில்ஸ் மேற்குக் கடற்கரைக்குப் போனபோது, சான்ஃபிரான்சிஸ்கோவின் மபுஹாய் கார்டன்ஸ் அரங்கில் இவர்கள் வயது குறைவானவர்கள் என்ற சிக்கல் எழுந்தது. புறங்கையில் பெரிய எக்ஸ் வரைந்து உள்ளே விட்டார்கள். அந்தக் கைக்கு மதுக்கூடத்தில் மது கொடுக்கக் கூடாது என்பது அடையாளம். ஊர் திரும்பியதும் வாஷிங்டன் அரங்க உரிமையாளர்களிடம் இதையே சொன்னார்கள்: எங்கள் கையில் எக்ஸ் போடுங்கள், குடிக்க மாட்டோம், பாட்டுக் கேட்க மட்டும் விடுங்கள்.

இதை நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அவருடைய பிற்கால நிலைப்பாடுகள் பலவற்றுக்கு விதை இங்கே இருக்கிறது. அமெரிக்காவில் சிறு அரங்குகள் மதுவிற்பனையில் வாழ்கின்றன. கச்சேரி என்பது அங்கே மது விற்க ஒரு சாக்கு. அதனால் குடிக்கும் வயது வராதவர்கள் வாடிக்கையாளர்களே இல்லை, அவர்களுக்கு உள்ளே இடமும் இல்லை. இசை வாழ்க்கையையே திருப்பிப்போடுவது பதினைந்து, பதினாறு வயதில். அந்த வயதுக்காரர்களை வெளியே நிறுத்திவிட்டு ஒரு கலை எப்படித் தழைக்கும் என்பது அவர் கேள்வி. மொழிக்கும் முந்தையது இசை, அதைச் சாராய வியாபாரத்தோடு கட்டிப்போட்டது யார் என்று இன்றும் கேட்கிறார்.

அப்படியானால் பிரம்மச்சரியமும் போதித்தாரா?

இல்லை. இன்னொரு மைனர் த்ரெட் பாட்டில் குடி, புகை ஆகியவற்றோடு உடலுறவையும் சேர்த்து மறுக்கும் வரிகள் உண்டு. வெற்றிக்கணக்கு எழுதுவதற்காகப் பெண்களைத் தேடும் மனநிலையைத்தான் அதில் குறிப்பிட்டதாக அவர் விளக்கியிருக்கிறார். அந்த வரிகளில் தன்னிலை வெளிப்படையாக இல்லாததால் கட்டளைபோல் ஒலிக்கின்றன என்று குழுவுக்குள்ளேயே ஜெஃப் நெல்சன் வாதாடினார். 1983இல் அதே பாட்டை மறுபடி பதிவு செய்தபோது, இது விதித் தொகுப்பு இல்லை என்று நடுவில் பேச்சாகவே சொல்லிச் சேர்த்தார்கள். கேட்க விரும்பாதவர்கள் அதையும் கேட்கவில்லை.

ஐந்து டாலர் டிக்கெட் கதை உண்மையா? விளம்பரத்துக்காகச் சொன்னதா?

உண்மை. ஃபுகாசி கச்சேரிக்கு டிக்கெட் ஐந்து டாலர் என்பது குழுவின் நிபந்தனை. எந்த வயதினரும் உள்ளே வரலாம் என்பது இன்னொரு நிபந்தனை. இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாத அரங்கில் வாசிக்க மாட்டார்கள். பிற்காலத்தில் சில ஊர்களில் ஓரிரு டாலர் கூடியது, ஆனாலும் அந்தக் காலத்துப் புகழ்பெற்ற குழுக்கள் வாங்கியதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை.

இதில் தியாகம் எதுவும் இல்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத பகுதி. அவர்களுக்கு மேனேஜர் கிடையாது. ஊர் ஊராகத் தொலைபேசியில் பேசிக் கச்சேரி ஏற்பாடு செய்தவர் மெக்காய்தான். சொந்த வேனில் போனார்கள், தெரிந்தவர்கள் வீட்டில் படுத்துக்கொண்டார்கள். வண்ண விளக்கு அலங்காரம் இல்லை. செலவைக் கீழே பிடித்துவைத்ததால் விலையும் கீழே நின்றது. அரங்கு நிறைந்ததால் நஷ்டமும் வரவில்லை. குழு தொடர்ந்து பணம் சம்பாதித்தது என்பதை மெக்காய் மறைத்ததே இல்லை. இது தொழில், நேர்மையாக நடத்தப்பட்ட தொழில்.

விலை குறைந்ததால் நடந்த இன்னொரு நன்மை எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஐந்து டாலர் கொடுத்து வந்தவனுக்குக் கச்சேரி பிடிக்காவிட்டால் பெரிய இழப்பில்லை. ஆகவே கேட்டறியாத புதிய பாட்டை வாசிக்கும் துணிவு குழுவுக்கு இருந்தது. ஃபுகாசி பாட்டுப் பட்டியல் எழுதி வைத்துக்கொண்டு மேடை ஏறியதில்லை. எந்தப் பாட்டு அடுத்தது என்பதை மேடையிலேயே முடிவு செய்தார்கள். நூறு டாலர் கொடுத்துவந்த கூட்டத்தின் முன் அப்படிச் செய்ய யாருக்கும் கை வராது.

குழுவின் பெயர் போட்ட சட்டைகூட விற்கவில்லையாமே? அதில் என்ன தவறு?

விற்கவில்லை. தவறு என்றும் அவர் மற்றவர்களைச் சொல்லவில்லை. கச்சேரிக்கு வருகிறவர் பாட்டுக் கேட்க வருகிறார், வாசலில் இன்னொரு கடை விரித்து அவரைப் பொருள் வாங்குகிறவராக மாற்ற வேண்டாம் என்பது ஃபுகாசியின் நிலை. பொருள் வாங்குவதால் ஒருவர் யார் என்பது தீர்மானமாவதில்லை என்று 1990இல் வந்த ரிபீட்டர் ஆல்பத்தில் ஒரு பாட்டே இருக்கிறது.

மைனர் த்ரெட் சட்டைகள் கடைகளில் கிடைக்கின்றனவே என்று உடனே அடுத்த கேள்வி வரும். ஆம், கிடைக்கின்றன, அதுவும் உரிமத்தோடு. கள்ளத்தனமாக அச்சடிப்பவர்களைத் துரத்துவதில் தன் நேரம் வீணாகிறது என்று கண்டு, ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்துவிட்டார். 2013இல் பெரிய துணிக்கடைத் தொடர் ஒன்றில் அந்தச் சட்டை 28 டாலருக்கு விற்கப்பட்டபோது கண்டனம் கிளம்பியது. சட்டையைப் பற்றி எனக்கு அக்கறையே இல்லை என்பதுதான் அவர் பதிலின் சாரம். வாழ்நாளின் நேரத்தைச் சட்டை வழக்கில் செலவழிப்பதும் சட்டை வியாபாரம்தான் என்று எனக்கும் தோன்றுகிறது.

ஒப்பந்தமே இல்லாமல் ஓர் இசை நிறுவனம் இத்தனை ஆண்டு எப்படி நடக்கிறது?

தொடக்கத்தைப் பார்த்தால் புரியும். டீன் ஐடில்ஸ் கச்சேரிகளில் கிடைத்த சில நூறு டாலரைப் பிரித்துக்கொள்ளாமல் சேர்த்து வைத்திருந்தார்கள். குழு கலையும்போது, ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமா, ஒரு இசைத்தட்டு போடலாமா என்று பேசி, தட்டு போட்டார்கள். ஆயிரம் பிரதிகள். அட்டையை அவர்களே வெட்டி, மடித்து, பசை தடவினார்கள். அது விற்ற பணத்தில் அடுத்த நண்பர்களின் தட்டு. அதில் வந்ததில் அதற்கடுத்தது.

வாஷிங்டன் பகுதிக் குழுக்களின் தட்டுகளை மட்டுமே டிஸ்கார்ட் வெளியிடும். எழுத்து ஒப்பந்தம் கிடையாது. செலவு போக மிஞ்சுவதைக் குழுவும் நிறுவனமும் பிரித்துக்கொள்ளும். ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் என்பதால் இது நடக்கிறது, எல்லை சிறிது என்பதால் தெரிந்திருக்க முடிகிறது. தபாலில் வாங்கினால் என்ன விலை என்று அட்டையிலேயே அச்சடித்தார்கள், கடைக்காரர் கூட்டி விற்க முடியாதபடி. பெருகிக்கொண்டே போக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டால் ஒரு நிறுவனத்துக்கு எத்தனை தொல்லைகள் குறைகின்றன என்பதற்கு டிஸ்கார்டைக் காட்டலாம்.

எல்லாவற்றையும் தாமே செய்துகொண்டார்கள் என்பது மிகைப்படுத்தல் இல்லையா?

ஒருவகையில் ஆம், தனியாளாக யாரும் எதையும் செய்துவிடவில்லை. பதிவுக்கு டான் ஸியன்டாரா இருந்தார். வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனில் தன் வீட்டிலேயே இன்னர் இயர் என்ற ஸ்டூடியோ வைத்திருந்தவர், அனுபவமில்லாத பிள்ளைகளைப் பொறுமையோடு பதிவு செய்தவர். தட்டு அச்சிடப் பணம் முடங்கிய காலத்தில் லண்டனில் சதர்ன் நிறுவனத்தின் ஜான் லோடர் கைகொடுத்தார். தாமே செய்துகொள்வது என்று மெக்காய் சொல்வதற்கு அனுமதிக்காகக் காத்திராமல் தொடங்குவது என்றுதான் பொருள் கொள்ள வேண்டும். உதவி அதன் பின் வந்தது.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? எல்லாமே இரைச்சலாகத்தான் இருக்குமா?

1989இல் வந்த ஃபுகாசியின் தர்ட்டீன் சாங்ஸ் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் ரெக்கே இசையின் இடைவெளிகளோடு நடக்க, மேலே கிட்டார் உரசும். மெக்காயும் குழுவின் இன்னொரு பாடகரான கை பிச்சியோட்டோவும் மாறிமாறிப் பாடுவார்கள். பழகிய பின் 2001இல் வந்த தி ஆர்க்யூமென்ட்; செல்லோகூட அதில் உண்டு. வேகமும் கோபமும்தான் வேண்டும் என்பவர்கள் மைனர் த்ரெட் பக்கம் போகலாம். அமைதியாகக் கேட்க ஈவன்ஸ்: ஒரு பாரிடோன் கிட்டார், ஒரு டிரம்ஸ், இரண்டு குரல்.

பெரிய கம்பெனிகளோடு போயிருந்தால் இன்னும் பல லட்சம் பேரைச் சென்றடைந்திருக்கலாமே? மறுத்தது பிடிவாதம்தானே?

1991இல் நிர்வாணா குழு பெற்ற வெற்றிக்குப் பின் எல்லாப் பெரிய நிறுவனங்களும் இந்தப் பக்கம் திரும்பின. அட்லாண்டிக் இசை நிறுவனத்தை உருவாக்கிய அஹ்மத் எர்த்தெகுனே 1993இல் நியூயார்க் கச்சேரிக்குப் பின் நேரில் வந்து ஃபுகாசியைத் தன் நிறுவனத்தில் சேரும்படி கேட்டார். மறுத்துவிட்டார்கள். லாலபலூசா என்ற பெரிய இசை விழா அழைத்தபோதும் போகவில்லை. மது, சிகரெட் விளம்பரம் வெளியிடும் பத்திரிகைகளுக்கு நேர்காணல் தருவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள், ரோலிங் ஸ்டோன் உட்பட.

பிடிவாதம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கு என்ன தேவைப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றன, அரங்குகள் நிறைந்தன, என்ன பதிவு செய்வது, எப்போது வெளியிடுவது என்பது அவர்கள் கையில் இருந்தது. பெரிய நிறுவனம் கூடுதலாகத் தரக்கூடியது பணம் மட்டும். பதிலுக்கு டிக்கெட் விலையும் வாசலும் கைமாறிப்போகும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: டிஸ்கார்டில் இருந்த ஜாபாக்ஸ், ஷடர் டு திங்க் ஆகிய குழுக்கள் அதே காலத்தில் பெரிய நிறுவனங்களுக்குப் போயின. ஒப்பந்தம் இல்லாததால் தடுக்க வழியும் இல்லை, தடுக்கும் எண்ணமும் இல்லை.

நைக்கி நிறுவனத்தோடு என்ன தகராறு?

2005இல் நைக்கி தன் ஸ்கேட்போர்டு சுற்றுப்பயணச் சுவரொட்டிக்கு மைனர் த்ரெட்டின் முதல் இசைத்தட்டு அட்டையை அப்படியே போலிசெய்து, மேஜர் த்ரெட் என்று பெயரும் போட்டது. மூல அட்டையில் படிக்கட்டில் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருப்பவர் மெக்காயின் தம்பி அலெக். அனுமதி கேட்கவில்லை. டிஸ்கார்ட் கண்டித்தது, ரசிகர்கள் கொதித்தார்கள், நைக்கி மன்னிப்புக் கேட்டுச் சுவரொட்டியைத் திரும்பப் பெற்றது. ஸ்கேட்போர்டு மெக்காய்க்குச் சிறுவயதிலிருந்தே உயிர். காலிக் குளத்தையும் நடைபாதைத் திண்டையும் ஸ்கேட் பிள்ளைகள் வேறு கண்ணால் பார்க்கிறார்கள், உலகத்தை மறுபடி வரையறுத்துக்கொள்ள அது தனக்குக் கற்றுத்தந்தது என்று சொல்பவர். அதை வைத்தே விளம்பரம் செய்ததுதான் கூடுதலாக உறுத்தியிருக்க வேண்டும்.

கச்சேரியை நடுவில் நிறுத்தி ரசிகர்களைக் கண்டிப்பாராமே? அது ஆணவம் இல்லையா?

இதற்கு முன்கதை வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் மெக்காய் சண்டைக்கு அஞ்சாத பையன். மேடைக்கு முன் மோதி ஆடும் கூட்டத்தில் அவரும் இருந்தார், அடிதடியிலும் இருந்தார். சில ஆண்டுகளில் கச்சேரி என்றாலே ரத்தம் என்றாகிவிட்டது. சண்டை போடுவதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். பெண்களும் சிறுவர்களும் பின்சுவரோரம் ஒதுங்கினார்கள், பலர் வருவதையே நிறுத்தினார்கள். 1985 கோடையில் வாஷிங்டன் குழுக்கள் இதிலிருந்து வேண்டுமென்றே விலகின. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங், எம்ப்ரேஸ் போன்றவை வேறு வகை இசையோடு வந்தன. அதைப் புரட்சிக் கோடை என்று அழைத்தார்கள்.

ஃபுகாசி மேடையிலிருந்து கண்டித்தது இந்த அனுபவத்தால். ஒருவன் மற்றவர்கள் தலைமேல் ஏறி மிதிக்கிறான் என்றால் பாட்டை நிறுத்துவார்கள். பெரும்பாலும் மரியாதையாகவே, ஐயா என்று விளித்துத்தான் பேச்சுத் தொடங்கும். கேட்கவில்லையென்றால் அழைத்துப்போய் ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே விடுவார்கள். அதற்கென்றே உறைகளில் ஐந்து டாலர் நோட்டுப் போட்டு வைத்திருந்தார்கள்.

ஆணவமா? கட்டுப்படுத்துகிறார், பங்கின் சுதந்திரத்தைப் பறிக்கிறார் என்று அப்போதே எதிர்ப்பு இருந்தது. என் பார்வையில், அறையில் நூறு பேர் இருக்கும்போது பலசாலிகளான பத்துப் பேரின் சுதந்திரம் மட்டும் சுதந்திரம் ஆகாது. வயது குறைந்தவர்களை வாசலில் தடுக்கக் கூடாது என்று போராடியவர், உள்ளே வந்தவர்களை முட்டித் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு எப்படிப் பாடியிருக்க முடியும்?

எந்தக் கட்சி? அரசியல் பாடகர் என்கிறார்களே.

எந்தக் கட்சியும் இல்லை. 1985இல் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் நிறவெறி ஆட்சிக்கு எதிராக வாஷிங்டன் பங்க் இளைஞர்கள் வாளிகளையும் டிரம்களையும் தட்டி ஓசை எழுப்பிப் போராடினார்கள். 1991 ஜனவரி 12 அன்று, வளைகுடாப் போர் தொடங்கப்போகும் நேரத்தில், வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள லாஃபயெட் பூங்காவில் கடுங்குளிரில் ஃபுகாசி வாசித்தது. லார்ட்டன் சிறைச்சாலையில் கைதிகளுக்காக வாசித்தது.

சொந்த ஊரில் ஃபுகாசி நடத்திய கச்சேரிகள் ஏறக்குறைய எல்லாமே நிதி திரட்டுவதற்காகவோ இலவசமாகவோ நடந்தவை. இலவச மருத்துவமனை, வீடற்றோர் விடுதி, பெண்கள் காப்பகம் போன்றவற்றுக்குப் பணம் போனது. பாசிட்டிவ் ஃபோர்ஸ் என்ற இளைஞர் அமைப்பு பலவற்றை ஏற்பாடு செய்தது. யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று மேடையில் சொல்வதைவிடத் தன் ஊரின் மருத்துவமனைக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது அவருக்கு ஏற்ற அரசியல்.

'கில்ட்டி ஆஃப் பீயிங் வைட்' (வெள்ளையனாக இருப்பதே குற்றம்) என்று ஒரு பாட்டு இருக்கிறதே, அது இனவெறி இல்லையா?

1981இல், மெக்காய்க்கு இன்னும் இருபது வயது ஆகாதபோது வந்த மைனர் த்ரெட் பாட்டு. கறுப்பின மாணவர்கள் பெரும்பான்மையாக இருந்த அரசுப் பள்ளியில் படித்த வெள்ளைப் பையன், தான் பிறப்பதற்கு முன் நடந்த கொடுமைகளுக்காகத் தான் அடிபடுவதாகப் புலம்புகிறான். இனத்தை வைத்து யாரையும் எடைபோடக் கூடாது என்பதே தன் நோக்கம், இது இனவெறிக்கு எதிரான பாட்டு என்று அவர் விளக்குகிறார். அவருடைய நகரத்தில் எல்லோருக்கும் முன்னோடியாக இருந்த பேட் பிரெயின்ஸ் முழுக்க முழுக்கக் கறுப்பினக் குழு. அவர்களிடமிருந்தே வேகத்தையும் மன உறுதியையும் கற்றதாக மறக்காமல் சொல்பவர். பின்னாளில் ஸ்லேயர் குழு இந்தப் பாட்டை எடுத்துப் பாடி, கடைசி வரியில் 'வைட்' என்ற சொல்லை 'ரைட்' (சரியானவன்) என்று மாற்றியபோது கடுமையாக வருந்தினார்.

நோக்கத்தை நான் நம்புகிறேன். பாட்டை ஏற்கவில்லை. அடிமை முறையும் அதன் தொடர்ச்சியும் நூற்றாண்டுக் கணக்கில் நீளும்போது, அதை ஒரு பள்ளிக்கூட வருத்தத்தின் அளவுக்குச் சுருக்கிவிடுகிறது பாட்டு. எழுதியவர் எண்ணாத ஆட்கள் கையில் அது எளிதாகக் கிடைத்துவிடுகிறது என்பதற்கு ஸ்லேயர் பதிப்பே சான்று.

பெண்களுக்கு அந்த உலகத்தில் இடம் இருந்ததா? எல்லாப் பெயர்களும் ஆண்களாக இருக்கின்றனவே.

போதிய இடம் இருக்கவில்லை. மோதல் ஆட்டத்தைப் பற்றிய கேள்வியில் சொன்ன பின்சுவர் நிலைமை அதற்கு ஒரு காரணம். தெருவில் நடக்கும் பெண் சந்திக்கும் சீண்டலைப் பெண்ணின் குரலில் பாடும் ஃபுகாசி பாட்டு ஒன்று உண்டு, சஜெஷன் என்று பெயர். ஓர் ஆண் இதைப் பாடலாமா என்ற விவாதம் நியாயமாகவே எழுந்தது. சில கச்சேரிகளில் டிஸ்கார்டில் பணியாற்றிய இசைக்கலைஞர் ஏமி பிக்கரிங் மேடையேறி அதைப் பாடியிருக்கிறார், அப்போது அந்தப் பாட்டின் கனமே வேறு.

1991இல் பிகினி கில், பிராட்மொபைல் குழுப் பெண்கள் வாஷிங்டனில் இருந்தபோது ரயட் கேர்ள் என்ற பங்க் பெண்களின் இயக்கம் உருக்கொண்டது. பிகினி கில்லின் முதல் ஈபியில் (சில பாட்டுகள் மட்டும் கொண்ட சிறு இசைத்தட்டு) பெரும்பகுதியை இன்னர் இயர் ஸ்டூடியோவில் பதிவு செய்தவர் மெக்காய். ஆனால் அந்த இயக்கத்தின் பெருமை அந்தப் பெண்களுடையது. முன்வரிசைக்குப் பெண்களை வரச் சொல்லி மேடையிலிருந்து அழைத்தவர்கள் அவர்களே.

ஸ்ட்ரெயிட் எட்ஜ் பெயரில் குடிக்கிறவர்களை அடித்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கு இவர் பொறுப்பில்லையா?

அடித்த கை அவருடையது இல்லை. ஆனால் பாட்டு எழுதியவர் என்ற முறையில் அவர் ஒதுங்கிக்கொள்ளவும் இல்லை. தொடக்கத்தில் கோபமான, தீர்ப்புச் சொல்லும் தொனி பாட்டில் இருந்தது உண்மை. 1983இல் சேர்த்த பேச்சு, 1985இல் வன்முறையிலிருந்து விலகியது, ஃபுகாசி மேடையில் சண்டைக்காரர்களை வெளியேற்றியது, நேர்காணல்தோறும் மறுத்துச் சொன்னது என அந்தத் தொனியைத் திருத்தும் வேலையை அவர் விடாமல் செய்தார். வெளியில் போன சொல்லைத் திரும்பப் பெற முடியாது; அவரால் முடிந்தது அதுதான்.

நடுத்தர வர்க்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொள்கை பேசுவது எளிது. பசியில் இருக்கும் இசைக்கலைஞன் ஐந்து டாலருக்குப் பாட முடியுமா?

இந்தத் தொகுப்பிலேயே நியாயமான கேள்வி இது. அவர் வளர்ந்தது படித்த குடும்பம். வெள்ளையர், அமெரிக்கர், ஆண். ஆர்லிங்டனில் நண்பர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுக்கக்கூடிய வீடு 1981இல் கிடைத்தது. இன்றைய வாடகையில் அந்தப் பகுதியில் பதின்ம வயதினர் அதை நினைத்தும் பார்க்க முடியாது. ஐஸ்கிரீம் கடையிலும் சினிமா தியேட்டரிலும் இசைத்தட்டுக் கடையிலும் வேலை பார்த்தார் என்பது உண்மை, ஆனால் விழுந்தால் தாங்க ஒரு வீடு இருந்ததும் உண்மை. தட்டு விற்பனையால் ஒரு நிறுவனம் வாழ முடிந்த காலமும் அது.

ஆகவே ஐந்து டாலரை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, அவரும் அப்படி நீட்டவில்லை. எந்தச் செலவு பாட்டுக்குத் தேவை, எந்தச் செலவு அந்தஸ்துக்குத் தேவை என்று பிரித்துப் பார்க்கும் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். அது வசதி குறைந்தவர்களுக்குத்தான் அதிகம் பயன்படும். இந்தக் கணக்கில் அவர் காலத்து வாடகை உங்கள் ஊரில் இல்லையென்றால் விடையும் வேறாக வரும்.

பழைய கச்சேரிகளை இணையத்தில் விற்கிறாரே, இது பழம்பெருமை வியாபாரம் இல்லையா?

ஃபுகாசி ஆயிரத்துக்கு மேற்பட்ட கச்சேரிகள் நடத்தியது. அவற்றில் எண்ணூறுக்கும் அதிகமானவற்றை அவர்களுடைய ஒலிப்பொறியாளர்கள் பதிவு செய்திருந்தார்கள். 2011 டிசம்பர் முதல் அவற்றை ஒவ்வொன்றாக இணையத்தில் ஏற்றினார்கள். பரிந்துரைத்த விலை கச்சேரிக்கு ஐந்து டாலர். ஒரு டாலர் கொடுத்தும் எடுத்துக்கொள்ளலாம். நன்றாக அமைந்த இரவுகளை மட்டும் பொறுக்கவில்லை. கிட்டார் நரம்பு அறுந்தது, மின்சாரம் நின்றது, கூட்டத்தோடு வாக்குவாதம் நடந்தது, எல்லாம் அப்படியே இருக்கின்றன. துண்டறிக்கைகள், கடிதங்கள், ஒலிநாடாக்கள் என்று அவர் சேர்த்துவைத்திருப்பது மிக அதிகம். 2013இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஆவணப் பாதுகாப்பைப் பற்றிப் பேச அவரை அழைத்தார்கள். தன் ஊர்ப் பங்க் இளைஞர்கள் செய்ததை அவர்களே சேமிக்காவிட்டால் வேறு யாரும் சேமிக்கப்போவதில்லை என்று பதினெட்டு வயதிலேயே உணர்ந்திருந்தார். டிஸ்கார்டின் முதல் தட்டே கலைந்துபோன ஒரு குழுவின் ஆவணம்தானே.

ஃபுகாசி மறுபடி மேடை ஏறுமா? ஐந்து டாலருக்கே நடத்தலாமே?

கடைசிக் கச்சேரி 2002 நவம்பரில் லண்டனில் நடந்தது. குழு கலைந்துவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை, காலவரையற்ற இடைவெளி என்றுதான் அறிவித்தார்கள். குடும்பம், குழந்தைகள், முதியவர்களான பெற்றோர் என்று நால்வருக்கும் வேறு கடமைகள் வந்ததே காரணம். ஃபுகாசி என்றால் முழுநேர உழைப்பு. அரைகுறையாக நடத்த நால்வரும் விரும்பவில்லை. பெருந்தொகை தருவதாக விழா அமைப்பாளர்கள் அழைத்தும் அந்தப் பதில் மாறவில்லை.

ஃபுகாசியின் டிரம்மர் பிரெண்டன் கேன்டியும் பேஸ் கிட்டார் வாசித்த ஜோ லாலியும் மெஸ்தெடிக்ஸ் குழுவில் வாசிக்கிறார்கள். 2020இல் வந்த கொரிக்கி ஆல்பத்தில் மெக்காயோடும் ஏமி ஃபரீனாவோடும் லாலி இருக்கிறார். நால்வரும் ஒரே ஊரில் இருக்க நேர்ந்தால் சேர்ந்து வாசிப்பதுண்டு என்று மெக்காய் சொல்லியிருக்கிறார், ஆனால் அது அவர்களுக்காக வாசிப்பது.